மூன்று கணினிகளைப் பேசவைத்த வேணி

ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை எழுதச் சொன்னால் வேணிக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் கொடுத்த ஆசிரியரிடம், "ஒருக்கா எழுதனப்பவே தெரிஞ்சிடுச்சு சார்" என்று சொல்லி, அந்த வாய்க்காக இன்னும் ஐம்பது தடவை எழுதியிருக்கிறாள். செஞ்சிப் பக்கம் வல்லத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவள். அப்பா அப்பாதுரையும் அம்மா குப்பம்மாளும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியும் கேப்பை அறுத்தும் பிள்ளைகளை வளர்த்தார்கள். வேணி பிளஸ் டூ முடித்ததும், டைப்படிக்கத் தெரிந்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, 1993 ஜூன் மாதம் அவளைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் விருத்தாசலம் என்பவர் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தார். முன்கூடத்தில் பன்னிரண்டு தட்டச்சு இயந்திரங்கள். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட அறையில் ஒரே ஒரு கணினி. அதற்கு ஏசி உண்டு. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேணி ஆறு மாதத்தில் லோயர் தேர்வு முடித்ததும் விருத்தாசலம் அவளை அந்த அறைக்குள் விட்டார். ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தன் மாணவர் பட்டியலை அடிக்கக் கொடுத்திருந்தது. அறுநூற்று நாற்பது பெயர்கள். வருகைக்கு ஒரு பட்டியல், மதிப்பெண்ணுக்கு ஒன்று, தேர்வு நுழைவுச் சீட்டுக்கு ஒன்று. அதே பெயர்களை மூன்று தடவை அடிக்கவேண்டும்.

முதல் பட்டியலை முடிக்க நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அவள் அடிக்கவில்லை. அலமாரியிலிருந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். பெயர்களை ஒரு கோப்பில் வைத்து, சீட்டின் வாசகத்தை இன்னொரு கோப்பில் வைத்து, இரண்டையும் இணைக்க ஒரு வழி இருக்கிறது என்று அதில் இருந்தது. இரண்டு நாள் முயன்று மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அச்சு இயந்திரம் கிரீச் கிரீச்சென்று ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர், தானாக. வேணி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

சத்தம் கேட்டு விருத்தாசலம் உள்ளே வந்தார். "யாரும்மா அடிக்கிறது?"

"யாரும் அடிக்கலைங்க சார். அதுவே அடிச்சிக்கினு இருக்குது."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அறுநூற்று நாற்பது சீட்டும் முடியும்வரை பார்த்தார். வேணிக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. பசி இல்லை என்பதல்ல, உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் கடையில் வேலை. 1998இல் சித்தார்த்தனோடு கல்யாணம். செஞ்சி சாலையில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்பு செட் மோட்டாரைப் பிரித்து, செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓடவைப்பது அவர் தொழில். வீட்டில் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் கேட்பார்கள்.

2004இல் விழுப்புரத்தில் ஒரு வேலை கிடைத்தது. சுற்றுவட்டாரத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் இருக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் கொண்டுவந்து படம் பிடித்து, பட்டியல் போட்டுக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய சிறிய ஆவணகம் அது. அடைக்கலராஜ் சாமியார் என்ற பாதிரியார் பொறுப்பில் இருந்தார். படம் பிடிக்க லூசியா என்ற பெண். தட்டச்சுக்கு வேணி. காலை ரயிலில் திண்டிவனத்திலிருந்து போய், சாயங்கால ரயிலில் திரும்புவாள்.

முதல் வாரம் வேணி ஒரு பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய பக்கம். பழுப்பு மையில் ஒரு குழந்தையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், தொழில். தொழில் என்ற இடத்தில் பல வரிகளில் 'கூலி' என்றே இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தார்த்தனிடம் சொன்னாள்:

"எங்க அப்பா எந்த வருஷம் பொறந்தாருன்னு அவருக்கே தெரியாதுங்க. எங்கயும் எழுதி வெக்கல. இங்க பாத்தா, கூலிக்காரன் புள்ளைக்குப் பேரு, தேதி எல்லாம் மை போட்டு எழுதி வெச்சிருக்காங்க. இது தொலஞ்சா திரும்ப எங்க போயி கேக்கிறது?"

ஆனால் வேலை நடந்த விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று கணினிகள் இருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதல் கணினியில் லூசியா காமிராவைத் தாங்கியில் மாட்டிப் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பாள். காமிரா தானாக ஒரு எண் போடும். இரண்டாவது கணினியில் பழைய தமிழ் ஃபாண்டில் பட்டியல். எந்தக் கோயில், எந்த வருடம், எந்தப் பக்கம், யார் யார் பெயர், படத்தின் எண் என்ன என்று வேணி அடிப்பாள். மூன்றாவது கணினியில் படங்களை டிவிடியில் பதிவார்கள். எந்த டிவிடியில் எது இருக்கிறது என்று அங்கே மறுபடியும் ஒரு பட்டியல். டிவிடி உறையின் மேல் கையால் நான்காவது தடவை. நான்கு வருடத்தில் பத்தொன்பதாயிரம் பக்கம்தான் முடிந்திருந்தது. மீதி ஒரு லட்சம் பக்கம் அலமாரிகளில் காத்திருந்தது.

2008 மார்ச்சில் ஆஷ்லின் என்ற பெண் வந்தாள். நர்சிங் முடித்தவள். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு தகராறு. பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஞானஸ்நானப் பதிவு வேண்டும், இரண்டே நாளில். அவள் ஊர்ப் பதிவேடு அப்போது பைண்டிங்குக்காக வெளியூர் போயிருந்தது. பரவாயில்லை, படம் இருக்கிறதே என்று வேணி பட்டியலைத் தேடினாள். ஆஷ்லின் பெயர் இருந்தது. படத்தின் எண் 0417. அந்தப் படத்தைத் திறந்தால் வேறு ஏதோ ஊரில் இறந்தவர்களின் அடக்கப் பதிவேடு வந்தது.

அரை நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. காமிரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு படங்கள். சரியானது நூற்று நாற்பது டிவிடிகளில் எதில் இருக்கிறதோ. மூன்று பேரும் இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. தேதி தாண்டிவிட்டது.

ஆஷ்லின் சண்டை போடவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப எதுக்குங்க படம் புடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அடைக்கலராஜ் சாமியார் சென்னையிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார். அவர் மூன்று கணினிகளையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒரே மென்பொருள் போடவேண்டும், பழைய பட்டியலை முதலிலிருந்து திரும்ப அடிக்கவேண்டும் என்றார். 'திரும்ப அடிக்கவேண்டும்' என்ற சொல் காதில் விழுந்ததுமே வேணி நிமிர்ந்துவிட்டாள். அவர் போனபின் சாமியாரின் அறைக்குப் போனாள்.

"ஃபாதர், இருக்கிறத வீச வேணாங்க. மூணும் நல்லாத்தான் வேலை செய்யுது. ஒண்ணுக்குத் தெரிஞ்சது இன்னொண்ணுக்குத் தெரியல, அதான் பேஜாரு. நடுவுல ஒரு புரோகிராம் எழுதி, ஒண்ணு சொல்றத இன்னொண்ணு கேட்டுக்கிற மாதிரி பண்ணிட்டா போதும்."

"நீ டைப் பண்ண வந்தவம்மா. புரோகிராம் எழுதத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. கத்துக்கினு எழுதுறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம் ஒண்ணுகூடத் தொலையக் கூடாது. அதுக்கு உறுதி குடுத்தா செய்."

"இப்பவே தொலஞ்சிக்கினு தானே ஃபாதர் இருக்குது."

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தினம் மத்தியானத்துக்குமேல் ஒன்றரை மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார்.

வேணிக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாளாகத் தெரிந்தது. இணையத்தில் புரோகிராம் கற்றுத்தரும் பாடங்களைத் தேடி அச்செடுத்து, ரயிலில் படித்தாள். ஒரு நீல நோட்டில் மூன்று கணினிகளையும் மூன்று கட்டமாக வரைந்து, எதிலிருந்து எது போகவேண்டும் என்று அம்புக்குறி போட்டாள். சந்தேகம் வந்தால் இணையத்தில் புரோகிராமர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்றில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். யாரென்றே தெரியாத ஆட்கள் எங்கிருந்தோ பதில் எழுதினார்கள். முதல் பதில் வந்த அன்று அதை லூசியாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

முதலில் கைவைத்தது பட்டியலில். பழைய ஃபாண்டில் அடித்ததெல்லாம் அந்த ஒரு கணினியில்தான் தமிழாகத் தெரியும். மற்ற கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக இருக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு அதை மாற்றவேண்டும். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டு, மாற்றும் புரோகிராமை எழுதினாள். ஒரு புதன்கிழமை அதை ஓடவிட்டாள். சோதனைக்குத் தன் பெயரைத்தான் கொடுத்தாள். திரையில் ஒரு கொம்பு தனியாக நிற்க, அதன் பக்கத்தில் 'வணி' என்று வந்தது.

லூசியா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, உன் பேருக்குக் கொம்பு மொளச்சி ஓடிப்போச்சா?"

வேணிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தடுத்த பெயர்களைப் பார்த்தாள். 'சூசை' கெட்டிருந்தது. 'மேரி' கெட்டிருந்தது. 'லூசியா' சரியாக இருந்தது. 'இருதயராஜ்' சரியாக இருந்தது. பத்து நிமிடம் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"லூசியா, கொம்பு வர்ற பேரு மட்டுந்தான் கெடுது பாரு. நாம கையால எழுதறப்ப முதல்ல கொம்பு போட்டு அப்புறம் 'வ' போடறோம் இல்ல? பழைய ஃபாண்டும் அப்டியே வெச்சிருக்குது. புதுசுல 'வ' முதல்ல, கொம்பு பின்னாடி. எடம் மாத்திட்டா சரியாப் பூடும்."

மறுநாள் இடம் மாற்றும் வரிகளைச் சேர்த்தாள். எழுத்தின் இரண்டு பக்கமும் வருகிற கொம்பையும் காலையும் சேர்ப்பதற்கு இன்னும் இரண்டு நாள். சனிக்கிழமை மாலை மூன்றரைக்குப் பத்தொன்பதாயிரம் பக்கத்துப் பெயர்களும் ஒரு வரிசை விடாமல் மாறின. ஆறு நிமிடம். ஒரு எழுத்துகூட யாரும் திரும்ப அடிக்கவில்லை. வேணி தன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அடைக்கலராஜ் சாமியார் எதேச்சையாக வெளியே வந்தவர், "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

அடுத்த சிக்கல் படங்களின் எண். பிடித்து முடித்த பிறகு இது எந்தப் புத்தகம் என்று தேடிப் பெயர் கொடுக்கும்வரை தப்பு வந்துகொண்டேதான் இருக்கும். இதற்கு வழி தெரியாமல் இரண்டு வாரம் ஓடியது. ஒரு மாலை விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். எதிரே பார்சல் வண்டி. கூலியாள் ஒருவர் சாக்கு மூட்டைகளின் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். சீட்டு ஒட்டிய மூட்டைதான் ரயிலில் ஏறியது. சீட்டில்லாத ஒரு மூட்டையை அவர் காலால் ஒதுக்கித் தனியே வைத்தார்.

வேணி பையைத் திறந்து நீல நோட்டை எடுத்தாள். நின்ற இடத்திலேயே எழுதினாள்: 'சீட்டு முதலில். படம் பிறகு.' எழுதி நிமிர்ந்தபோது ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் சித்தார்த்தனைக் கடையிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். "புத்தகம் வந்த ஒடனே பட்டியல்ல ஒரு வரி போட்டுடுவேன். எந்தக் கோயில், எந்த வருஷம், அவ்ளோதான். கம்ப்யூட்டரு ஒரு சீட்டு அச்சடிச்சிக் குடுக்கும், கடையில சோப்பு டப்பாமேல இருக்குமே கறுப்புக் கோடு, அந்த மாதிரி. லூசியா முதல்ல அந்தச் சீட்டப் படம் புடிப்பா. அப்புறம் பக்கமெல்லாம். புரோகிராம் அந்தக் கோட்டப் படிச்சி, இது இன்ன புத்தகம்னு தெரிஞ்சிக்கினு, எல்லாப் படத்துக்கும் அதுவே பேரு வெச்சிக்கும்."

"காமிரா திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணுச்சின்னா?"

"எண்ணிக்கினு போகட்டும். அது நம்பர யாரு கேட்டாங்க இப்ப?"

சித்தார்த்தனுக்கு இந்தத் தடவை முழுதும் புரிந்தது. "இது செம ஐடியா வேணி" என்றார். பிறகு தன் தொழிலிலிருந்து ஒன்று கேட்டார். "காயில் கட்டி முடிச்சதும் மீட்டர் வெச்சிப் பாக்காம நான் மோட்டார மூட மாட்டேன். நீ காப்பி எடுக்கறியே, அது சரியா ஏறுச்சான்னு எப்டிப் பாப்ப?"

அதற்கான பதிலும் மன்றத்தில் கிடைத்தது. ஒவ்வொரு கோப்பையும் கணக்குப் போட்டு அதற்கென்று ஒரு நீண்ட எண்ணை உண்டாக்கலாம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். வேணி அதற்குக் 'கைரேகை' என்று பெயர் வைத்தாள். படம் வந்ததும் புரோகிராம் கைரேகை எடுத்துப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் போடும். போட்டபின் நகலின் கைரேகையை எடுத்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் சிவப்பில் காட்டும். ஒரு நகல் டிஸ்க் திண்டிவனத்தில் கன்னியர் மடத்து இரும்பு அலமாரியில். இன்னொன்று புதுச்சேரியில் ஒரு நூலகத்தில். வாராவாரம் இரண்டையும் கொண்டுவந்து புதிய படங்களை ஏற்றித் திருப்பி வைப்பார்கள்.

2010 ஆகஸ்டில் மூன்று கணினிகளையும் கம்பி போட்டு இணைத்தார்கள். திங்கட்கிழமை காலை லூசியா ஒரு சீட்டைப் படம் பிடித்தாள். அதன்பின் நாற்பது பக்கம். கடைசியில் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினாள். இந்தக் கணினியில் அழுத்தியதற்கு அந்தக் கணினியில் பட்டியல் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாவது கணினியில் டிஸ்கின் விளக்கு மினுக்கியது. கடைசியில் பச்சை எழுத்தில் 'நாற்பதும் சரி' என்று வந்தது. சாமியார், லூசியா, வேணி மூன்று பேரும் மூன்று திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இங்க வந்துடுச்சு", "இங்கயும் வந்துடுச்சு" என்று அறைக்கு அறை குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர்களை மட்டும் பக்கத்தைத் திரையில் பார்த்தபடி கையால் அடிக்கவேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை. நாள் ஒன்றுக்கு நூற்றுமுப்பது பக்கம் போக ஆரம்பித்தது.

பழைய டிவிடி படங்களையும் அவள் விடவில்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும். எந்த நாளில் எந்தப் புத்தகம் என்று லூசியா ஒரு டைரியில் எழுதியிருந்தாள். இரண்டையும் பொருத்தியபோது ஒரே எண் கொண்ட படங்களெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தத்தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. திறக்காமல் போன இரண்டு டிவிடிக்கு உரிய பக்கங்களை மட்டும் திரும்பப் பிடித்தார்கள். வேணி முதலில் தேடியது ஆஷ்லினைத்தான். நான்கு விநாடியில் பக்கம் வந்தது. அவளுக்குப் போன் செய்தாள். ஆஷ்லின் அதற்குள் வேறு ஆதாரம் கொடுத்து வெளிநாடு போயிருந்தாள். அவள் அம்மாதான் எடுத்தார். "இருக்கட்டுங்க, ஒண்ணு அனுப்பி வைங்க, வீட்ல வெச்சிக்கறோம்" என்றார்.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலை 'தானே' என்ற புயல் கரையைக் கடந்தது. திண்டிவனத்தில் மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. கடலோரம் இன்னும் மோசம். நான்கு நாள் கழித்து வேணி பஸ் பிடித்து விழுப்புரம் போனாள். ஜன்னல் பெயர்ந்து மழை உள்ளே அடித்திருந்தது. படங்களையெல்லாம் வைத்திருந்த மூன்றாவது கணினியின் மேல் தண்ணீர். ஜெனரேட்டரில் இணைத்துப் பார்த்தபோது அதன் டிஸ்க் டக் டக்கென்று தட்டிவிட்டு நின்றது.

அன்று மத்தியானமே மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரிப் பக்கத்திலிருந்த ஒரு கோயிலின் பங்குச் சாமியார் வந்தார். சட்டை அழுக்காயிருந்தது. மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று முகம் சொன்னது. கோயில் ஓடெல்லாம் பறந்து, அலமாரி கவிழ்ந்து, பதிவேடுகள் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருக்கின்றன.

"தூக்கனா கூழா வருது ஃபாதர்" என்றார் அடைக்கலராஜிடம். "மையெல்லாம் கரஞ்சிடுச்சு. 1896லேருந்து இருந்தது. நவம்பர்லதான் இங்க கொண்டாந்து படம் புடிச்சிட்டுத் திருப்பி எடுத்துக்கினு போனோம். அது இருக்குது இல்ல?"

அடைக்கலராஜ் வேணியைப் பார்த்தார். வேணி நின்றுபோன டிஸ்கைப் பார்த்தாள்.

"இங்க இல்லைங்க" என்றாள். "திண்டிவனத்துல இருக்கணும். பாண்டிச்சேரிலயும் இருக்கணும்."

புயல் அந்த இரண்டு ஊரையும்தான் அடித்திருந்தது. லூசியா புதுச்சேரிக்குக் கிளம்பினாள். வேணி திண்டிவனத்துக்குத் திரும்பினாள். கன்னியர் மடத்து அறை ஒழுகியிருந்தது. இரும்பு அலமாரியின் அடித்தட்டில் ஈரம். டிஸ்க் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் சித்தார்த்தனின் கடைக்குப் போனாள். ஊரில் மின்சாரம் இல்லை. எரிந்த மோட்டார்கள் வாசல்வரை குவிந்திருந்தன. சித்தார்த்தன் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு லாரி பேட்டரியை இன்வெர்ட்டரோடு இணைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த வேணியின் பழைய கணினிக்கு மின்சாரம் கொடுத்தார்.

டிஸ்க் சுற்றியது. கைரேகைப் பட்டியல் ஒவ்வொரு நகலோடும் சேர்ந்தே போகும்படி அவள் முன்பே செய்திருந்தாள். ஒப்பிடும் புரோகிராமை ஓடவிட்டாள். அறுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு படங்கள். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. பத்தாயிரம், இருபதாயிரம். மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள் இரண்டு மூன்று பேர் என்னவென்று கேட்டுவிட்டு, அவர்களும் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முப்பத்தோராயிரத்தில் முதல் சிவப்பு வந்தது. வேணி அந்தப் படத்தின் பெயரை நீல நோட்டில் குறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. பிறகு இன்னொன்று. கழுவெளிக் கோயிலின் பக்கங்களில் ஒன்று. கடைசியில் மூன்றாவது.

மூன்று மணி நேரத்தில் முடிந்தது. "மூணு போச்சா?" என்று சித்தார்த்தன் மெதுவாகக் கேட்டார்.

"மூணு இங்க கெட்டிருக்குது. மீதி அறுபத்தெட்டாயிரமும் அப்டியே இருக்குதுங்க." அவள் திரையில் சிவப்பு வரிகளைச் சுட்டினாள். "எது கெட்டதுன்னு தெரியுது பாருங்க. அதான் முக்கியம். தெரியாம இருந்தாதான் பயம்."

மறுநாள் மதியம் லூசியா புதுச்சேரி டிஸ்கோடு கடைக்கே வந்து சேர்ந்தாள். சாலையில் மரம் கிடந்ததால் பாதி தூரம் நடந்து, மீதி தூரம் ஒரு பால் வண்டியில். வேணி அந்த டிஸ்கில் மூன்று படங்களின் கைரேகையை மட்டும் முதலில் பார்த்தாள். பச்சை. பச்சை. மூன்றாவது வர இரண்டு விநாடி கூடுதலாக ஆயிற்று. பச்சை. லூசியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேணி அடைக்கலராஜுக்குப் போன் போட்டாள்.

"ஃபாதர், எல்லாம் இருக்குது. ஒண்ணுகூடப் போவல."

"ஜல்தியா அச்சுப் போட ஆரம்பிம்மா" என்றார் அவர்.

ஜனவரி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை. கழுவெளிக் கோயிலில் கூரைக்குப் பதில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பூசை முடிந்ததும் புதிதாக பைண்டு செய்த ஏழு தொகுதிகளை மேசைமேல் வைத்தார்கள். வேணி பக்கத்தில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். புயலில் ரேஷன் கார்டும் சான்றிதழ்களும் போனவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்றும் தொலைக்காதவர்களும் நின்றார்கள்.

நடராசன் என்று ஒருவர் வந்தார். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர். ஐம்பது வயதிருக்கும். கோயிலுக்கு அவர் வருவதில்லை, மனைவிதான் வருவாள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"எங்க தாத்தா இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் வாங்கனாருன்னு சொல்லுவாங்க. பேரு சூசை. பாருங்களேன்."

அந்தக் கோயிலில் பதினெட்டு சூசை இருந்தார்கள். ஊரும் தொழிலும் கேட்டு வேணி குறைத்துக்கொண்டே வந்தாள். 1907ஆம் வருடப் பக்கம் திரையில் விரிந்தது. அவள் விரல் வைத்துப் படித்தாள். "சூசை. வயசு மூணு மாசம். அம்மா தையல்நாயகி. அப்பா சின்னக்கண்ணு, உப்பளக் கூலி."

நடராசன் குனிந்து திரையைப் பார்த்தார். "தாத்தாவுக்கு அப்பா பேரு சின்னக்கண்ணா?" என்றார். "எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுங்க இது." அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே போய்த் தன் அண்ணனையும் அண்ணன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் மேசையைச் சுற்றி நின்று, அந்த ஒரு வரியை மாறி மாறிப் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் அறுபத்துமூன்று பேர் தங்கள் பக்கத்தை அச்சில் வாங்கிக்கொண்டு போனார்கள். பேட்டரி தீர்ந்தபோது ஒருவர் தன் டிராக்டரை ஓட்டிவந்து அதிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

2014 கடைசியில் அந்த ஒரு லட்சம் பக்கமும் முடிந்தது. பழைய வேகத்தில் இருபது வருடம் ஆகியிருக்கும் வேலை நான்கரை வருடத்தில் தீர்ந்தது. வேணி இப்போதும் அதே ரயிலில்தான் போய்வருகிறாள். சென்ற மாதம் அடைக்கலராஜ் சாமியார் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே நானூறு கேசட்டுகள், ஊர்ப் பாட்டும் கூட்டப் பேச்சும் பதிந்தவை. ஒன்றிலும் பெயர் இல்லை. ஓட்டிப் பார்க்கும் கருவி வேறு, அதற்கான மென்பொருள் வேறு. வேணி ஒரு கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லூசியாவிடம் சொன்னாள்:

"சீட்டு எங்க ஒட்டலாம், சொல்லு."